கிஃப்ட்: பரிசா, விஷமா, கல்யாணமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரக் கடைசிகளில் ஐந்தாறு பேருக்கு ஜெர்மன் ஆரம்பப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் நர்சிங் முடித்துவிட்டு அங்கே வேலைக்குப் போகத் தயாராகிறவர்கள். ஒவ்வொரு முறை புது ஆட்கள் சேரும்போதும் இந்த ஒரு சொல்லில் வண்டி நின்றுவிடும். போதாததற்கு நார்வேயில் இருக்கும் என் பெரியம்மா மகளும் இதே சொல்லைப் பற்றி வேறு பக்கத்திலிருந்து கேட்பாள். இத்தனை நாள் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

அக்கா, ஜெர்மன்ல கிஃப்ட்னா நிஜமாவே விஷமா? இல்ல சும்மா நெட்ல போடுறாங்களா?

நிஜம்தான். இன்றைய ஜெர்மனில் கிஃப்ட் என்றால் விஷம், வேறு பொருள் கிடையாது. விஷக் காளான் கிஃப்ட்பில்ட்ஸ், விஷவாயு கிஃப்ட்காஸ், விஷமுள்ளது கிஃப்டிஷ். யாராவது தவறுதலாக எதையாவது குடித்துவிட்டால் கூப்பிட வேண்டிய அவசர எண்ணுக்கு கிஃப்ட்நோட்ரூஃப் என்று பெயர். மருத்துவமனை வேலைக்குப் போகிறவர்கள் இந்தக் கடைசிச் சொல்லை முதல் வாரமே மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ பிறந்தநாள் பரிசுக்கு என்ன சொல்றது?

கெஷெங்க். கொஞ்சம் இலக்கிய வாடையோடு சொன்னால் காபே. இரண்டாவது சொல் கேபன், அதாவது 'கொடு' என்ற வினையிலிருந்து வந்தது. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலிலேயே தேவைப்படும்.

ஆங்கிலத்து கிஃப்ட்டும் ஜெர்மன் கிஃப்ட்டும் ஒரே சொல்லா, இல்ல தற்செயலா ஒரே மாதிரி இருக்கா?

ஒரே சொல். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன், ஐஸ்லாண்டிக் எல்லாம் ஒரே தாய் வீட்டுப் பிள்ளைகள். அந்தத் தாய் மொழியில் 'கொடு' என்ற வினையோடு ஒரு தகர ஒலியை (கிஃப்ட்டின் கடைசியில் நாம் 'ட்' என்று எழுதுகிற t) சேர்த்துச் செய்த பெயர்ச்சொல் இது. நம்மிடம் கொடு என்பதிலிருந்து கொடை வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தகரத்துக்கு முன்னால் பகரமோ வகரமோ வந்தால் அது ஃ-ப ஒலியாக மாறிவிடும். ஆங்கிலத்தில் டிரைவ் என்பதிலிருந்து டிரிஃப்ட், த்ரைவ் என்பதிலிருந்து த்ரிஃப்ட், ஜெர்மனில் ஷ்ரைபன் (எழுது) என்பதிலிருந்து ஷ்ரிஃப்ட் (எழுத்து) எல்லாம் அதே அச்சில் வார்த்தவை.

ஆக, அடிப்படைப் பொருள் 'கொடுத்தல்', 'கொடுக்கப்பட்டது', அவ்வளவுதான். யார், யாருக்கு, எதைக் கொடுத்தார் என்று சொல்லுக்குள் எதுவும் இல்லை. அந்தக் காலி இடத்தை ஒவ்வொரு மொழியும் தன் ஊர் வழக்கப்படி நிரப்பிக்கொண்டது. எனக்கு இந்தச் சொல்மேல் இவ்வளவு பிரியம் வந்ததே இதனால்தான்.

கொடுக்கிறதுல இருந்து விஷம் எப்படி வந்தது? நடுவுல ஏதோ விட்டுப்போச்சே?

நடுவில் இருப்பவர் வைத்தியர். கிரேக்க மொழியில் மருந்தைக் 'கொடுக்கும் அளவு' தோசிஸ். அதுவும் கொடு என்ற வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல்தான். லத்தீன் வழியாக ஐரோப்பா முழுக்கப் பரவி, ஆங்கிலத்தில் டோஸ் ஆகி, இன்று நம் மருந்துச் சீட்டு வரைக்கும் வந்துவிட்டது. லத்தீன் படித்த ஜெர்மானியர்கள் தோசிஸ் என்பதைத் தங்கள் பேச்சில் சொல்ல வந்தபோது, பொருளுக்குப் பொருள் வைத்து 'கிஃப்ட்' என்றார்கள். கொடுக்கிற மருந்து, கொடுக்கிற அளவு. அப்புறம் அது ஒருவருக்குத் தெரியாமல் கொடுப்பதற்கும் ஆனது. விஷம் என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிற இடத்தில் 'கொடுத்தது' என்று மறைத்துச் சொல்வது வசதியாகவும் இருந்திருக்கும்.

இது ஜெர்மானியர்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. ஆங்கிலத்தின் பாய்சன் என்ற சொல் லத்தீனில் 'குடிப்பது' என்ற பொருள் கொண்ட போதியோவிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. போஷன் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்து, மருந்துக் கஷாயமாக நின்றுவிட்டது. கிரேக்க ஃபார்மகான் மருந்தையும் குறிக்கும், விஷத்தையும் குறிக்கும். லத்தீனின் வெனேனும் காதல் தெய்வமான வீனஸின் பெயரோடு உறவுடையது என்பார்கள். முதலில் வசிய மருந்து, பிறகு விஷம். நாமும் 'அவனுக்கு மருந்து வைத்துவிட்டார்கள்' என்று சொல்கிறோமே, அது வசியமா விஷமா என்பது சொல்கிறவர் குரலில்தான் இருக்கிறது. எலி மருந்தும் பூச்சி மருந்தும் எந்த எலியையும் பூச்சியையும் குணமாக்குவதில்லை. கடைக்காரரிடம் எலி மருந்து கேட்கும்போது நமக்கு அது உறுத்துவதே கிடையாது. ஜெர்மன்காரருக்கு கிஃப்ட் உறுத்தாததும் அதே மாதிரிதான்.

அப்போ அதுக்கு முன்னாடி விஷத்துக்கு அவங்ககிட்ட சொல்லே இல்லையா?

இருந்தது, நல்ல பழைய சொல். பழைய ஆங்கிலத்தில் ஆட்டோர், ஐஸ்லாண்டிக்கில் இன்றும் எய்துர். ஐஸ்லாந்தில் போதைப்பொருளுக்கு எய்துர்லிஃப் என்று பெயர், விஷமருந்து என்று பொருள். ஸ்வீடிஷில் எத்தர் என்று பாம்பு விஷம் மாதிரியான இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனிலோ அதே சொல் ஐட்டர் என்று உருமாறி, இன்றைக்குப் புண்ணில் வைக்கும் சீழுக்குப் பெயர். நர்சிங் மாணவர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம், வார்டில் தினமும் காதில் விழும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது சிலந்தி. டேனிஷ்காரர்கள் சிலந்தியை எதர்கோப் என்பார்கள், முன்பாதி அந்தப் பழைய விஷம். ஆங்கில வட்டார வழக்கிலும் அட்டர்காப் என்று இருந்தது. அதில் முன்பாதி உதிர்ந்து, பின்பாதியான 'காப்' மட்டும் மிஞ்சி, வலையோடு சேர்ந்து காப்வெப் ஆனது. அடுத்த முறை ஒட்டடைக்கு ஆங்கிலத்தில் காப்வெப் என்று சொல்லும்போது, உள்ளே ஒரு விஷம் இருந்து உதிர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வீடன்ல ஃபாரத்துல "கிஃப்ட்"னு ஒரு கட்டம் இருக்காமே, அதுல டிக் போட்டா என்ன அர்த்தம்?

கல்யாணம் ஆனவர் என்று அர்த்தம். ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன் மூன்றிலும் அதே எழுத்துகளில் கிஃப்ட் என்று எழுதினால் 'மணமானவர்'. ஆகாதவர் ஸ்வீடிஷில் ஊயிஃப்ட் (அங்கே ககரம் யகரமாக ஒலிக்கும், ஏன் என்று பின்னால் வருகிறது). என் பெரியம்மா மகள் நார்வே போன புதிதில் ஒரு அலுவலகத்தில் இந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, பரிசுப் பொருள் எதுவும் வாங்கவில்லையே என்று அதைத் தாண்டிப் போய்விட்டாள். கவுண்டரில் இருந்த அம்மா படிவத்தைத் திருப்பி அவள் பக்கம் வைத்து, பக்கத்தில் நின்ற அத்தானைக் கைகாட்டி, அப்புறம் அந்தக் கட்டத்தைப் பேனாவால் தட்டிக் காட்டினாராம். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பேனா தட்டிய சத்தம் ஞாபகம் இருக்கிறது என்கிறாள்.

காரணம் ரொம்ப நேரடியானது. வைக்கிங்குகள் காலத்தில் அந்த ஊர்களில் பேசிய பழைய நார்டிக் மொழியில் கிப்தா என்றால் 'பெண்ணைக் கொடுத்தல்'. கொடுக்கப்பட்ட பெண் கிஃப்ட். நம் ஊரில் 'அந்தப் பொண்ணை எங்கே கொடுத்திருக்கு?' என்று கேட்டால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது, அங்கேயும் அப்படித்தான் இருந்திருக்கிறது. இன்னும் பழைய சான்று வேண்டும் என்றால், 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் காத்திக் மொழியில் (இதே குடும்பத்தில் இப்போது வழக்கொழிந்துபோன ஒன்று) பெயர்த்த பைபிளில் லூக்கா 1:27ஐப் பாருங்கள். மரியாள் யோசேப்புக்கு நிச்சயிக்கப்பட்டவள் என்ற இடத்தில் ஃப்ராகிப்திம் என்று வருகிறது. நடுவில் கிடப்பது நம்முடைய கிஃப்ட்டேதான். ஆக, இந்தச் சொல்லில் கல்யாண வாசனை கடைசியாகச் சேர்ந்தது இல்லை, ஆதியிலேயே இருந்தது.

பெண்ணைத்தானே கொடுப்பாங்க? அப்போ ஆம்பளைக்கும் ஏன் கிஃப்ட்?

சரியான கேள்வி, முதலில் ஆணுக்கு அப்படிச் சொல்லவில்லை. பழைய நார்டிக்கில் பெண் கொடுக்கப்படுவாள், ஆண் 'பெண் கொள்வான்', அதற்குத் தனி வினை. ஐஸ்லாண்டிக்கில் அந்தப் பிரிவு இன்னும் தெரிகிறது. மணமான பெண் கிஃப்ட், மணமான ஆண் க்வைந்துர், இரண்டாவது சொல்லுக்குள் 'மனைவி' இருக்கிறாள். இப்போது அங்கேயும் ஆணுக்கு கிஃப்துர் என்று சொல்வது சாதாரணம். ஸ்வீடன், டென்மார்க், நார்வேயில் இந்த வேறுபாடு முழுக்க அழிந்து, இருவருக்கும் ஒரே சொல்.

கொடுக்கிறவர் யார் என்பதும் சட்டத்தில் எழுதியிருந்தது. பழைய ஸ்வீடிஷ் சட்டத்தில் பெண்ணைக் கொடுக்கும் உரிமை உள்ளவருக்கு யிஃப்தமன் என்று பெயர், பெரும்பாலும் அப்பா, அவர் இல்லையென்றால் நெருங்கிய ஆண் உறவு. 1734ஆம் வருஷத்து ஸ்வீடிஷ் பேரரசுச் சட்டம் ஆரம்பிப்பதே திருமணப் பகுதியோடுதான், அதன் பெயரிலும் இந்தச் சொல் உண்டு. இன்று யிஃப்தமனும் கிடையாது, அந்தச் சட்டப் பகுதிக்கும் 1987இல் வேறு பெயரில் புதுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் கணவன் மனைவிக்கு ஒருவர் சொத்தில் மற்றவருக்குள்ள பங்குரிமைக்கு இப்போதும் யிஃப்துரெத் என்றே பெயர். கொடுக்கிற ஆள் போய்விட்டார், அவர் கொண்டுவந்த சொல் மட்டும் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஸ்வீடிஷ்லயும் விஷத்துக்கு கிஃப்ட்தான்னு டிக்ஷனரில போட்டிருக்கே, எது சரி?

இரண்டும் சரி. 'மணமானவர்' சொந்த வீட்டுச் சொல், 'விஷம்' ஜெர்மனியிலிருந்து வந்தது. இடைக்காலத்தில் வட ஜெர்மனியின் ஹன்சா என்ற கூட்டமைப்பைச் சேர்ந்த வணிகர்கள் பால்டிக் கரை முழுக்க வியாபாரம் செய்தார்கள், அவர்கள் பேசிய தாழ் ஜெர்மன் (Low German) என்ற வட பகுதி வழக்கிலிருந்து ஸ்வீடிஷும் டேனிஷும் வாங்கிய சொற்களுக்குக் கணக்கில்லை. அப்படி வந்த விஷம், ஏற்கெனவே இருந்த கல்யாணத்தோடு எழுத்திலும் ஒலியிலும் ஒன்றாகிவிட்டது. இதை வைத்து அந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாகக் கல்யாணக் கேலி பேசுவதுண்டு. கேலி இருக்கட்டும், ஒரே வேரிலிருந்து பிரிந்துபோன இரண்டு பொருள்கள் வேறு வேறு பாதையில் நடந்து ஒரே வீட்டில் மறுபடி சந்தித்தன என்பதுதான் நடந்த கதை.

குழப்பம் வராது. விஷம் பெயர்ச்சொல், மணமானவர் என்பது உரிச்சொல், வாக்கியத்தில் இருக்கும் இடமே காட்டிக்கொடுத்துவிடும். டென்மார்க்கின் விஷ உதவி எண் கிஃப்ட்லின்யன், அது திருமண ஆலோசனை என்று யாரும் கூப்பிடுவதில்லை.

நார்வேல "யிஃப்ட்"னு சொல்றாங்க, டென்மார்க்ல "கிஃப்ட்"ங்கறாங்க. எது ஒரிஜினல்?

ககரம்தான் பழையது. ஸ்வீடிஷிலும் நார்வேஜியனிலும் இகரத்துக்கு முன் வரும் ககரம் குழைந்து யகரமாகிவிட்டது. டேனிஷ் அதைக் கெட்டியாகவே வைத்துக்கொண்டது. இதே குழைவு ஒருகாலத்தில் ஆங்கிலத்திலும் நடந்தது. அது தனிக் கதை, அடுத்த கேள்விக்கு வாங்க.

ஆங்கிலத்துல மட்டும் எப்பவுமே பரிசுதானா?

இல்லவே இல்லை, பலரும் ஏமாறுகிற இடம் இது. பழைய ஆங்கிலத்தில் இதே சொல் இருந்தது, ஆனால் பெண்ணுக்காகக் கொடுக்கும் விலை, பன்மையில் சொன்னால் திருமணம் என்றுதான் பொருள். தென் இங்கிலாந்தில் இருந்த வெஸ்ஸெக்ஸ் நாட்டின் அரசர் இனே 7ஆம் நூற்றாண்டின் கடைசியில் இயற்றிய சட்டத்தில், ஒருவன் மனைவியை விலை பேசி, பிறகு அந்த 'கிஃப்ட்' நடக்காமல் போனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு விதி வருகிறது. அங்கே பரிசு என்று படித்தால் விதியே புரியாது, திருமணம் என்று படித்தால் பளிச்சென்று புரியும். அதன் உச்சரிப்பும் யகரத்தோடுதான், கிட்டத்தட்ட இன்றைய நார்வே ஒலி. 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் எழுதிய ஆங்கிலத்திலும் யகரம்தான் வருகிறது.

அப்புறம் ககரம் எங்கிருந்து வந்தது? டென்மார்க், நார்வே பக்கமிருந்து வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளிடமிருந்து. அவர்கள் பேச்சில் அப்போது ககரம் கெட்டியாக இருந்தது. கிவ், கெட், கிஃப்ட் எல்லாம் அவர்கள் பக்கத்து ஒலி. முட்டைக்கான எக் என்பதும் அப்படித்தான். 1490இல் வில்லியம் கேக்ஸ்டன் தான் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். காற்று இல்லாமல் தேம்ஸில் கப்பல் நின்றுவிட, வியாபாரிகள் கரையிறங்கி ஒரு வீட்டில் சாப்பிட எக்ஸ் கேட்கிறார்கள். அந்த வீட்டம்மா எனக்கு பிரெஞ்சு தெரியாது என்கிறார். கேட்டவருக்கோ கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. இன்னொருவர் 'எய்ரென்' என்று தென்பகுதிப் பேச்சில் சொன்னதும்தான் அந்த அம்மாவுக்குப் புரிகிறது. அந்த எய்ரென் செத்து எக் வாழ்ந்தது, அதே வேகத்தில் யிஃப்ட் செத்து கிஃப்ட் வாழ்ந்தது.

டச்சுல எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும், ஆனால் ஒழுங்காகப் பங்கு பிரித்துவிட்டார்கள். தகரத்தோடு (gift) முடிந்தால் நன்கொடை, வருமான வரிச் சலுகைக்கு நன்கொடைக் கணக்குக் காட்டும் இடத்தில் அந்தச் சொல் வரும். தகரம் இல்லாமல் (gif) முடிந்தால் விஷம். டச்சிலிருந்து பிறந்து தென்னாப்பிரிக்காவில் பேசப்படும் ஆஃப்ரிகான்ஸிலும் தகரம் இல்லாததுதான் விஷம். முதலெழுத்தைத் தொண்டைக்குள்ளிருந்து உரசிக்கொண்டு சொல்ல வேண்டும், நம் எழுத்தில் அதற்கு வழியில்லை.

ஜெர்மன்ல வரதட்சணைக்கு மிட்கிஃப்ட்னு போட்டிருக்கு. கூடவே விஷமா?

மிட் என்றால் 'கூட'. கூடக் கொடுத்து அனுப்புவது, அவ்வளவுதான். விஷப் பொருள் வருவதற்கு முன் இருந்த 'கொடை' இந்தக் கூட்டுச்சொல்லுக்குள் புகுந்து தப்பித்துக்கொண்டது. இலக்கணத்திலும் தடயம் இருக்கிறது. பழைய கொடைப் பொருளில் இந்தச் சொல் பெண்பால், மிட்கிஃப்ட் இன்றும் பெண்பால், ஆகவே முன்னால் பெண்பாலுக்குரிய 'டீ' (die) வரும். விஷமோ அஃறிணைப் பால், முன்னால் 'தாஸ்' (das) வரும், தாஸ் கிஃப்ட். வகுப்பில் பால் எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு நான் காட்டும் முதல் உதாரணம் இதுதான்.

நம் ஊர்ப் பெண்கள் சிலர் இந்தச் சொல்லைப் பார்த்ததும், 'சரியாத்தான் பேர் வச்சிருக்காங்க' என்பார்கள். சொல்வரலாறாக அது தவறு. அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஐஸ்லாண்டிக்ல கிஃப்தான்னா அதிர்ஷ்டம்னு படிச்சேன். அது வேற சொல்லா?

அதே குடும்பம். பழைய நார்டிக்கிலேயே கிப்தா என்ற பெயர்ச்சொல்லுக்கு நல்லூழ் என்று பொருள், அதாவது ஒருவருக்கு மேலிருந்து கொடுக்கப்பட்டது. இதை ஆங்கிலத்தில் விளக்கினால் நீட்டி முழக்க வேண்டும், தமிழில் ஒரு சொல் போதும்: கொடுப்பினை. 'அவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை' என்றால் அதிர்ஷ்டம். 'அந்தக் குடும்பத்தோட எங்களுக்குக் கொள்வினை கொடுப்பினை உண்டு' என்றால் பெண் கொடுத்து எடுப்பது. உறவே இல்லாத இரண்டு மொழிகளில் கொடுப்பது என்ற வினை கல்யாணத்துக்கும் போய் அதிர்ஷ்டத்துக்கும் போயிருக்கிறது. முதன்முதலில் இதைக் கவனித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஃபெர்கேபன்னா மன்னிக்கிறதுதானே? ஒரு பழைய புத்தகத்துல விஷம் வைக்கிறதுன்னு வருதே?

பழைய ஜெர்மனில் இரண்டும் உண்டு. ஃபெர்கேபன் என்பதில் உள்ளே இருப்பது அதே கேபன், முன்னொட்டு 'கைவிட்டுக் கொடுத்தல்' என்ற சாயலும் தரும், 'தவறாகக் கொடுத்தல்' என்ற சாயலும் தரும். முதல் சாயலில் மன்னிப்பு, இரண்டாவதில் விஷம். இன்று ஜெர்மனில் மன்னிப்பு மட்டும் நிற்கிறது, விஷம் வைப்பதற்கு ஃபெர்கிஃப்டன். டச்சில் இதே வினையின் வடிவம் ஒரு வீடு முழுக்க எலியோ பேனோ மொய்க்கிறது என்று சொல்ல இப்போதும் வரும், அந்த வீட்டுக்கு விஷம் ஏறிவிட்ட மாதிரி.

லத்தீன் ஹபேரேக்கும் ஜெர்மன் ஹாபனுக்கும் ஒரே பொருள், ஒரே ஒலி. அதுக்கும் கேபனுக்கும் என்ன சம்பந்தம்?

இது கொஞ்சம் வழுக்கும். இரண்டுக்கும் 'வைத்திருத்தல்' என்று பொருள், கேட்டால் அக்கா தங்கை மாதிரி இருக்கும், ஆனால் உறவு கிடையாது. ஆதியில் ககரமாக இருந்தது ஜெர்மானிக் மொழிகளில் (முன்பு சொன்ன அந்த ஒரே தாய் வீட்டுப் பிள்ளைகளில்) ஹகரமாக மாறும் என்பது விதி, அந்தக் கணக்கில் ஹாபனுக்கு லத்தீன் உறவு 'பிடி' என்ற பொருளுள்ள காப்பேரே. ஹபேரேவின் உறவாகப் பல சொல்லாய்வாளர்கள் காட்டுவது நம்முடைய கேபன் என்ற 'கொடு'வை. ஒரு கை நீட்டுகிறது, ஒரு கை வாங்கிக்கொள்கிறது, ஆதி வேர் அந்த முழுச் செயலையும் குறித்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

"அளவுதான் விஷம்"னு ஒரு ஜெர்மன் வாசகம் சொல்வாங்களே, அதுல வர்றதும் இந்தச் சொல்தானா?

ஆமாம், பாராசெல்சஸ் என்ற சுவிஸ் மருத்துவர் 1538இல் எழுதியது. எல்லாமே விஷம்தான், விஷமில்லாதது எதுவும் இல்லை, அளவு ஒன்றே ஒரு பொருளை விஷமில்லாததாக்குகிறது என்பது அதன் சாரம். ஜெர்மனில் அளவுக்கு அவர் எழுதியது டோசிஸ், விஷத்துக்கு கிஃப்ட். நான்காவது கேள்விக்குச் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். டோசிஸ் என்றாலும் கொடுத்தல், கிஃப்ட் என்றாலும் கொடுத்தல். ஒரே சொல்லைக் கிரேக்கத்தில் ஒரு தடவையும் ஜெர்மனில் ஒரு தடவையும் எழுதி, ஒன்றை வைத்து மற்றொன்றை அளந்திருக்கிறார்.

அக்கா, கடைசியா ஒண்ணு. ஜெர்மனிக்கு பார்சல் அனுப்பும்போது மேல கிஃப்ட்னு எழுதலாமா?

தபால் சுங்கப் படிவத்தில் கிஃப்ட் என்று அச்சிட்ட கட்டம் இருக்கும், பக்கத்தில் பிரெஞ்சிலும் போட்டிருக்கும். அதில் தாராளமாக டிக் போடுங்கள், சுங்கக்காரர்களுக்கு அது பழகிய கட்டம். ஆனால் பெட்டிமேல் நீங்களாக மார்க்கரில் பெரிதாக எழுதுவது என்றால் கெஷெங்க் என்று எழுதுங்கள். அதிலும் உள்ளே அம்மா அரைத்துக் கொடுத்த பருப்புப்பொடி லேபிள் இல்லாத கவரில் இருக்கிறது என்றால், அந்தக் கவர்மேலும் என்ன பொடி என்று ஜெர்மனில் ஒரு வரி எழுதி ஒட்டிவிடுங்கள்.